பச்சைப் பெயின்றின் கீழிருந்த இலக்கம்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்குப் பிரிட்ஜ் நின்றிருந்தது. அதற்கு முன்பே நின்றிருக்கலாம். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் முடிந்து வந்து தண்ணீர்ப் போத்தலைத் தொட்டபோது அது குளிரவில்லை. உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கணவர் போன கார்த்திகையில் வயல் வரம்பிலேயே சரிந்து விழுந்து இறந்த பிறகு வந்த பழக்கம் இது. எது நடந்தாலும் முதலில் நேரத்தைப் பார்க்கிறேன், பிறகு யாரோ வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்பதுபோல.

உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் நின்றிருந்தால் எப்படியும் வரும் என்று காத்திருக்கலாம். ஆனால் விளக்கு எரிய, மோட்டார் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. கதவுத் தட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில், மகளுடைய இன்சுலின் போத்தல்கள் இருந்தன.

அவளுக்குச் சின்ன வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை. ஒவ்வொரு நேரமும் சாப்பாட்டுக்கு முன் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதம் ஒருமுறை மருந்து தருவார்கள். ஒரு போத்தலை வெளியில் வைத்துப் பாவிக்கலாம் என்றும், ஆனால் எங்கள் சித்திரை வெயிலை நம்ப வேண்டாம் என்றும் தாதி முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாருக்கும் இது தெரியாது. பெண்பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்று நானும் என் கணவரும் முடிவெடுத்திருந்தோம். பிறகு மகளும் அதைத் தன் முடிவாக்கிக்கொண்டாள்.

மண்சட்டிக்குள் ஈர மணல் போட்டு, போத்தல்களைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்து, மேலே நனைத்த சாக்கை மூடினேன். ரியூசன் முடிந்து வந்த மகள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"முன்வீட்டு அக்காட்ட வைக்கலாம் தானே," என்றேன். முன்வீட்டில் ஒரு சின்னக் கடை இருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கலியாணம் செய்து வந்தவர் அந்த அக்கா. மீனுக்கு ஒன்றும், ஐஸ்பழத்துக்கும் சோடாவுக்கும் ஒன்றுமாக இரண்டு குளிர்ப்பெட்டிகள் வைத்திருந்தார்.

"வேண்டாம் அம்மா. அவா கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவா."

"சொல்ல மாட்டா."

"நேற்று ஆற்றையோ வீட்டு மாடு கண்டு போட்டதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவாதான் சொன்னவா. சாக்கில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

மறுநாள், வருசப்பிறப்பு லீவின் முதல் நாள் காலையில், பிரிட்ஜ் திருத்துகிறவர் கிளிநொச்சி டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கதை கூடின மனிதர். பிரிட்ஜை இருவருமாக இழுத்து விறாந்தைக்குக் கொண்டுவந்தோம். பின்பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பியதும் சிரித்துவிட்டார்.

"ரீச்சர், இது பிரிட்ஜோ லொறியோ? பேர், ஊர் எல்லாம் எழுதிக்கிடக்கு."

"அவர் எழுதினது," என்றேன்.

அவருடைய சாவுக்கு இவரும் வந்தவர். சிரிப்பை விட்டுவிட்டுக் குனிந்து ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில், சனங்கள் விட்டுப்போன சாமான்களை வீதியோரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். சைக்கிள்கள், தையல் மெசின்கள், தண்ணீர்ப் பம்புகள் எல்லாம் மழையில் கிடந்தன. ஆளுக்காள் தங்களுடையதைத் தேடினார்கள். என் கணவர் தன்னுடைய பம்பைக் கண்டுபிடித்தார். கைபிடியில் தான் சுற்றிய கம்பியைக்கூட அடையாளம் சொன்னார். இன்னொருவரும் அதைத் தன்னுடையது என்றார். அவருடைய பம்பிலும் கம்பி சுற்றியிருந்ததாம். எழுத்தில் எதுவும் இல்லாததால் என் கணவர் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பொருளும் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. கதிரையின் அடியில், வாளியின் வயிற்றில், அலுமாரியின் முதுகில், எல்லாவற்றிலும் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றால் தன் பெயரின் முதலெழுத்தையும் 'உருத்திரபுரம்' என்பதையும் எழுதினார். "அப்பா என்னில எழுதாமல் விட்டது பெரிய காரியம்," என்று மகள் சொல்லுவாள். "நீ துலைய மாட்டாய், உன்ர வாய் காட்டிக்கொடுக்கும்," என்பார் அவர்.

பிரிட்ஜை அவர் ஒரு மனிதரைப்போலப் பார்த்துக்கொண்டார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு கதவு ரப்பரின் மடிப்புகளை அப்பச்சோடாத் தண்ணீர் தொட்ட துணியால் துடைப்பார். கடதாசித் துண்டொன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்து, வராவிட்டால் திருப்திப்படுவார். அவர் போன பிறகு அந்தத் துடைப்பை நான் இரண்டு தரம் செய்தேன். கடதாசியை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

திருத்துகிறவர் பின்மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து உள்ளங்கை அளவிலான போர்ட் ஒன்றை எடுத்தார். ஒரு மூலை கருகியிருந்தது.

"மோட்டார் நல்லாக் கிடக்கு. அதை ஓட வைக்கிற போர்ட் தான் போயிட்டுது. கரண்ட் கூடிக் குறைஞ்சிருக்கும். இதில இலக்கம் எரிஞ்சுபோச்சு. பிரிட்ஜின்ர மொடல் இலக்கம் முழுசாச் சொன்னால்தான் வவுனியாக் கடையில சரியானதை எடுக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. மாறிப் போட்டால் மோட்டாரும் போயிடும்."

உள்ளே மரக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரிக்கர் இருந்தது. துடைத்துத் துடைத்து அது வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. மற்ற ஸ்ரிக்கர் பின்பக்கம். அதன் மேலாகத்தான் ஊரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. என் கணவர் தடித்த தூரிகையால் எழுதுகிறவர். ஒரு தரம் எழுதி, காய்ந்த பின் அதன் மேல் இன்னொரு தரமும் எழுதுவார்.

"பெயின்ற் கரைக்கிற தின்னர் கொண்டந்தனான். துடைக்கவோ?"

"நீங்கள் விடுங்கோ. நான் துடைச்சுப்போட்டு இலக்கத்தை அனுப்புறன்."

"தின்னரைக் கூட விட்டிடாதேங்கோ ரீச்சர், ஸ்ரிக்கரில உள்ள மையும் போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழிக்க முதல் என் கணவரின் எழுத்தைப் போனில் படம் எடுத்தேன். பச்சைப் பெயின்ற் வெளிச்சத்தில் மினுங்கியதே தவிர எழுத்து ஒழுங்காக விழவில்லை. பக்கவாட்டில் நின்று எடுத்தேன். அதில் என் நிழல் விழுந்தது. மகள் வந்து போனை வாங்கி, ஒரு படுக்கை விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லி, தானே எடுத்தாள். அதில் எழுத்து தெரிந்தது. ஆனால் தூரிகையின் மயிர் போன கோடுகள் தெரியவில்லை. அவற்றை விரலால்தான் பார்க்கலாம். நான் விரலால் ஒருமுறை முழுவதையும் எழுதிப் பார்த்தேன். மகள் போனைப் பார்ப்பதுபோல நின்றாள்.

காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் தின்னரைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பச்சை கரைந்து பஞ்சில் ஏறியது. அந்த மணம், அவர் கேற்றுக்குப் பெயின்ற் அடித்த நாளின் மணம்தான். ஊர்ப்பெயரின் நடுப்பகுதி போக, அதன் கீழ் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் ஒவ்வொன்றாக வந்தன. மகள் அவற்றைச் சத்தமாக வாசித்தாள். முடிந்தபோது ஊரின் தலையும் வாலும் மட்டும் மிஞ்சியிருந்தன. பஞ்சுக் குச்சிகளை எறியாமல் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டு வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை.

இலக்கத்தை அனுப்பினேன். பின்னேரம் திருத்துகிறவர் போன் எடுத்தார். "சரியான இலக்கம்தான் ரீச்சர். ஆனால் சாமான் வவுனியாவில இல்லை. கொழும்பில இருந்து வர வேணும். வருசப்பிறப்பு, கடையெல்லாம் பூட்டு. திறக்க ஒரு கிழமைக்கு மேல செல்லும்."

அந்த இரவும் அடுத்த பகலும் சட்டியைச் சுற்றியே என் சீவியம் போனது. மணல் காயக் காய நீர் தெளித்தேன். காற்று இல்லாத நாட்கள். ஈரச் சாக்குக்கூட உடம்புச் சூட்டில் கிடந்தது. மத்தியானம் மகள் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. ஊசி போட்டுக் காத்திருந்து மீண்டும் பார்த்தாள். இறங்கவில்லை.

"மருந்து பழுதாப் போச்சோ அம்மா?"

"இல்லை. நீ நித்திரை கொள்ளேல்லை, அதுதான்."

எனக்குத் தெரியாது. போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாக இருந்தாலும் வெயிலில் பலம் குறையும் என்று தாதி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாகக் கேட்கலாம். தருவார்கள். கொண்டுவந்து எதற்குள் வைப்பது? மகள் நிறையத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். வெயில் தாழ்ந்ததும் ஓட்டோ பிடித்து அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவு செய்து, உடுப்பு மாற்றச் சொன்னேன்.

அப்போதுதான் கேற்றுத் திறக்கும் சத்தம் கேட்டது. முன்வீட்டு அக்கா வந்தார். கையில் ஐஸ்பழம் வைக்கிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி. விறாந்தையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பிரிட்ஜைப் பார்த்தார், நனைந்த சாக்கைப் பார்த்தார், வாசலுக்கு வந்த மகளையும் பார்த்தார். கதிரையை இழுத்துவிட்டேன். இருக்கவில்லை.

"நேற்று முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான், இப்ப கேப்பியள், இப்ப கேப்பியள் எண்டு," என்றார். "போன வருசம் லைன் வேலையெண்டு பகல் முழுக்கக் கரண்டை வெட்டினவங்கள் தானே. அப்ப உங்கட மனுசன், நீங்கள் பள்ளிக்கூடம் போன கையோட மருந்தை எங்கட பெட்டியில கொண்டந்து வைச்சுப்போட்டு, நீங்கள் வர முதல் எடுத்துக்கொண்டு போறவர். தாய்க்கும் பிள்ளைக்கும் சொல்லிப்போடாதேங்கோ, என்னோட சண்டைக்கு வருவினம் எண்டவர். அதாலதான் ரீச்சர் நானும் வாய் திறக்கேல்லை. ஒருதருக்கும் சொல்லேல்லை, என்ர மனுசனுக்கும் சொல்லேல்லை. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது மருந்தை வாங்குங்கோ, இந்தப் பெட்டியில ஐஸ் போட்டிருக்கிறன், துணியால சுத்தி வையுங்கோ, நேர ஐஸில முட்ட விடாதேங்கோ. வந்த உடன என்னட்டத் தாங்கோ. மீன் வைக்கிற பெட்டியில இல்லை. மற்றதில, ஐஸ் கட்டாத மேல்தட்டில. அவர் வைக்கிற இடத்தில நான் இன்னும் ஒண்டும் வைக்கேல்லை."