வலப்பக்க ஜன்னல் சீட்

புக் பண்ணிப் பல வருஷம் காத்திருந்து என் பெயருக்கு ஸ்கூட்டர் வந்தபோது, நான் அதில் முதலில் உட்கார்ந்தது பின் சீட்டில். முன்னால் என் மச்சினன். லைசென்ஸ் அவனிடம்தான் இருந்தது. எங்கள் குஷாய்குடா காலனியே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

"அத்தான், கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றான், என்னைத் தாலி கட்டிக் கூட்டிப் போகிறவன் மாதிரி.

அன்றைக்கே சொல்லிவிட்டேன்: என் வண்டியில் இனி நான் பின்னால் ஏறமாட்டேன். லைசென்ஸ் வரும்வரை கம்பெனி பஸ்தான், இல்லாவிட்டால் நடை.

"நீங்களா? மிக்ஸி போட்டாலே திடுக்கிடற ஆளு!" என்று வீட்டுக்காரி சிரித்தாள்.

எழுத்துப் பரீட்சைக்கு நான் அஞ்சவில்லை. சாலைச் சின்னங்களை வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டி மனப்பாடம் செய்தேன், பாஸ். மைதானத்தில் எட்டு போடுவதும் ஒரு வழியாகப் படிந்தது. கை சிக்னல்தான் வரவில்லை. ஓடுகிற வண்டியில் ஹேண்டில்பாரை விட்டுக் கையை எடுப்பதா? எடுத்தால் கையோடு உயிரும் போய்விடும் போலிருந்தது. அதனால் அதை மட்டும் கம்பெனி பஸ்ஸில் பழகினேன்.

எங்கள் பஸ்ஸில் யார் சீட்டிலும் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் அவரவர் இடம் அவரவருக்கு; ரிட்டயர் ஆனால்தான் காலியாகும். என்னுடையது இடப்பக்க ஜன்னல். தினமும் கையை வெளியே விட்டு நீட்டினேன், சுழற்றினேன், ஆட்டினேன். டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். "சாப், பஸ்ஸை நான் ஓட்டறேனா, நீங்களா?"

டெஸ்ட் நாள் வந்தது. மச்சினன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தான். நான் சிட்டி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். இன்ஸ்பெக்டர் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். பழகின கை நீண்டது. இடது கை.

"க்யா ஜி, ஹாத் உதர், காடி இதர்?"

கை அந்தப் பக்கம், வண்டி இந்தப் பக்கமா என்று அவர் கேட்டதும் மைதானமே சிரித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வலது கையைத்தான் காட்டவேண்டும் என்று பரீட்சையில் எழுதியவனே நான்தான்!

"விடுங்க அத்தான், பின்னாடி ஏறுங்க" என்றான் மச்சினன்.

"நக்கோ" என்று ஊர்ப் பாஷையிலேயே மறுத்துவிட்டு வெயிலில் நடந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறி நேராக வலப்பக்க ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். அது கணக்குப் பிரிவுப் பெரியவரின் இடம். அடுத்த ஸ்டாப்பில் அவர் ஏறினார்.

"என்னய்யா, இது என் சீட்டு."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா எழுந்திரு."

"லைசென்ஸ் கிடைச்சதும் எழுந்துக்கறேன் சார்."

"ஃபாக்டரி திறந்த நாளா நான் உட்கார்ற இடம்யா!"

"அதனாலதான் சார், எனக்குக் கொஞ்ச நாள் விடுங்க."

குரல் கம்பீரமாக வந்தது. பெரியவர் என் பழைய சீட்டில் போய் விழுந்து, "இந்தப் பக்கம் காத்தே சரியில்லை" என்று ஃபாக்டரி வாசல்வரை முணுமுணுத்தார். நான் வலது கையை நீட்டிக்கொண்டே போனேன். அன்றும், அதற்குப் பிறகு தினமும்.

இரண்டாவது டெஸ்டில் வலது கை நீண்டது. பயத்தில் மேலும் கீழும் ஆடவும் செய்தது. மெதுவாகப் போவதற்கான சிக்னலையும் சேர்த்தே காட்டுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தாரோ என்னவோ, பாஸ் போட்டுவிட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் ஸ்கூட்டரிலேயே வேலைக்குக் கிளம்பினேன். பின் சீட்டில் மச்சினன். ஃபாக்டரிக்குத் திரும்பும் இடத்தில் வலது கையை ஜம்மென்று நீட்டினேன். ஆக்சிலேட்டரும் அந்தக் கையில்தானே; வண்டி நடுரோட்டில் இருமிவிட்டு நின்றது. பின்னால் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. வலப்பக்க ஜன்னலிலிருந்து பெரியவர் தலையை நீட்டினார்.

"என்னய்யா, கை காட்டினா போதுமா? திரும்பணும்!"

பஸ்ஸே சிரித்தது.

"அத்தான், நான் வேணா முன்னாடி வரட்டா?"

"பேசாம உட்காருடா."

நீட்டிய கையை மடக்காமலே கிக்கரை உதைத்தேன். பஸ் நிற்கட்டும். ஸ்கூட்டர் கிளம்புகிறபோது கிளம்பட்டும்.