துலுக்காணம் ஏறாத லிப்ட்

எங்க தாம்பரம் ஆபீசுல துலுக்காணத்தைத் தெரியாதவங்க கிடையாது. கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரன். எண்பத்து மூணுல தினக்கூலியா வந்து சேர்ந்தான். ஃபைல் கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடியும் ஓடியே ஏறுவான். மூணாவது மாடி டைப்பிஸ்ட் அமலராணி நான். ஒரு தரம் ஏறினாலே மூச்சு வாங்குற உடம்பு எனக்கு. "மெதுவா வா அக்கா, இன்னா அவசரம்?"னு என் டிபன் பையையும் பிடுங்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போவான். எரிச்சலா வரும்.

தொண்ணூத்தொண்ணுல கட்டடத்தைப் புதுசாக்கறேன்னு கிளம்பினாங்க. அப்பப்பா! சிமெண்ட் தூசிக்குள்ளேயே உட்கார்ந்து டைப் அடிச்சோம். ஒழுகுற கூரை, காரை பேர்ந்த சுவர், ஆடுற ஃபேன் எல்லாம் போச்சு. எல்லா மாடிக்கும் ஒரே மொசைக், ஒரே வெளிர்பச்சை பெயிண்ட். எந்த மாடியில நிக்கிறோம்னே தெரியாம ஜனங்க முழிச்சாங்க. கடைசியா லிப்ட் வந்துச்சு. நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன்.

லிப்ட் வந்தப்புறம் ஃபைல் தூக்க ஆள் எதுக்கு? தினக்கூலிக்காரங்களை நிறுத்தப் போறதா பேச்சு அடிபட்டுச்சு. ஆனா லிப்ட் ஆபரேட்டர் வேலை ஒண்ணு நிரந்தரமா வந்திருந்தது. எங்க சூப்பிரண்டு சாம்பசிவன் சார் துலுக்காணத்தை அதுல போட்டுட்டார். தலைமை ஆபீஸ் அதிகாரி வந்து, அவன் லிப்ட் ஓட்டுறதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டா வேலை கெட்டி. இல்லேன்னா வூட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கூத்து என்னன்னா, அவனுக்கு லிப்டுன்னாலே பயம்! எல்லாரையும் ஏத்துவான், பட்டனை அமுக்குவான், கதவு மூடுறதுக்குள்ள வெளியே குதிச்சுடுவான். படியில ஓடி, மேல கதவு திறக்கும்போது வேர்த்து விறுவிறுத்து "வாங்க சார்"னு நிப்பான்.

"ஏம்ப்பா, கட்டுமரம் ஏறினவன் இதுக்கா பயப்படுற?"ன்னு கேட்டேன்.

"கடல்ல எவ்ளோ ஆடுனாலும் மேல வானம் தெரியும்க்கா. இந்தப் பொட்டிக்குள்ள இன்னா தெரியுது? பேஜாரா கீது."

அதிகாரி ஸ்ரீரங்கன் வந்தார், நெத்தியில பளிச்சுனு நாமம். துலுக்காணத்தோட சம்சாரம் பூவம்மாளும் மீன் வித்துட்டு வெறுங்கூடையோட வந்து நின்னா. "நீயும் ஏறுப்பா"ன்னு அதிகாரி சொன்னதும் துலுக்காணத்தோட கால் படிப் பக்கம் திரும்பிடுச்சு. போச்சுடா, வேலை போச்சு!

பூவம்மாள் கூடையைக் கீழே வெச்சுட்டு, "யோவ், வா"ன்னு அவன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் தானும் ஏறிட்டா. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான்.

"ஏன் கண்ணை மூடிட்டான்?"னார் அதிகாரி.

"சாமி கும்புடறாரு சார். நீங்க ஏறுற நாளாச்சே"ன்னு பூவம்மாளும் கண்ணை மூடிக்கிட்டா. அதிகாரியும் பக்தியா கைகூப்பிக் கண்ணை மூடினார். கதவு மூடிச்சு.

வெளியே நாங்க கதவுக்கு மேல எரியுற சிவப்பு நம்பரையே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். சைபர்லயே நிக்குது. அட கடவுளே, உள்ளே பட்டனை யாருமே அமுக்கலை! பொறுக்க முடியாம நான் வெளிப் பட்டனை அமுக்கினேன். கதவு திறந்துச்சு.

துலுக்காணம் ஒத்தைக் கண்ணைத் திறந்தான். "அவ்ளோதானா? ஆடவே இல்லியே! இதுக்கா பயந்தேன்!" அப்புறம் என்னைப் பார்த்து வாயைப் பொளந்தான். "அக்கா! நீயா படியேறி ஓடியாந்த?"

லிப்ட் மேல வந்துடுச்சு, இவ்வளவு நாளா தான் பண்ணினதை நான் பண்ணிட்டேன்னு நினைச்சுட்டான், பாவி! "ஆமாய்யா"ன்னு மூச்சு வாங்குற மாதிரி சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். சாம்பசிவன் சார் சிரிப்பை அடக்க முடியாம தூண் பின்னாடி ஓடிட்டார். பூவம்மாள் தரையில இருந்த கூடையைப் பார்த்ததும் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. அதிகாரியும் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன்.

"இது முதல் மாடிதான்ப்பா. இப்ப மூணுக்கு விடு"ன்னார்.

துலுக்காணமே கையை நீட்டி அமுக்கினான். கதவு மூடும்போது பார்த்தேன், கண்ணு ரெண்டும் திறந்தே இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் மாற மாற எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சந்தோஷம் தாங்கலை.

அப்புறம்தான் உறைச்சுது. திரும்பி வந்து என்னையும் கூடையையும் கீழே இதே இடத்துல பார்த்தான்னா குட்டு உடைஞ்சுடுமே! மீன்கூடையை இடுப்புல வெச்சுக்கிட்டு மூணு மாடியும் ஏறினேன். நாக்குத் தள்ளிடுச்சு. மேலே அதிகாரி கையெழுத்துப் போட்டு முடிச்சிருந்தார். துலுக்காணம் லிப்டுக்குள்ள கால்மேல கால் போட்டு ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா நீ, லிப்டு கீறப்போ எவனாவது படியில ஏறுவானா?"ன்னான்.