மாம்பழத்தின் நாடித்துடிப்பு

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்டும் ஒரு கெட்ட பீஸில்தான் தொடங்கும். வேண்டுமென்றே தப்பாகச் செய்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் உதிரிப்பாகம் அது. அதைச் சோதனை மெஷினுக்குள் விடுவேன். மெஷின் அதை வெளியே தள்ளினால்தான் அன்றைய வேலை ஆரம்பம். ‘நல்ல பீஸ்’ என்று சொல்லிவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவோம். ஓசூரில் இத்தனை வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றதில் எனக்கு ஒட்டிக்கொண்ட குணம் இது. எதைக் கேட்டாலும் சரி என்கிற ஆளை நான் நம்புவதில்லை.

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நாடித்துடிப்பு அளவு மீறினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். மொட்டை மாடியில் சுற்றுவதெல்லாம் இவருக்கு நடையே இல்லை. ஏரிக்கரைக்குப் போக வேண்டும், அதைத் தாண்டிப் பாறை மேட்டில் ஏற வேண்டும். அவர் தனியாகத்தான் போவார், நான் ஷிப்டில் இருப்பேன். அதனால்தான் ஆன்லைனில் மலிவாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன்.

வெயிலில் அதில் ஒன்றும் தெரியாது. சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் என்று பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மேட்டில் ஏறும்போது அவருக்குத் தலை சுற்றி, யாரோ பைக்கில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

“வாட்ச்ல எழுபத்தெட்டுதாம்மா இருந்துச்சு, அதான் ஏறுனேன்” என்றார், மூச்சு இரைக்க. அப்போதும் அது எழுபத்தெட்டில்தான் நின்றது.

டாக்டரிடம் காட்டி, மாத்திரையை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியதும் அந்த வாட்சைக் கழற்றினேன். காவேரிப்பட்டினத்து நாத்தனார் கொடுத்தனுப்பிய மாம்பழங்கள் கூடையில் இருந்தன. ஒன்றை எடுத்து அதில் கட்டினேன். அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் எண் வந்தது: எழுபத்தெட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை நம்பியா இந்த மனுஷனை அனுப்பினோம்?

அடுத்ததைத் தேடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். படுத்துக்கொண்டே வீடியோ வீடியோவாகப் பார்த்தார்.

“இதுல திசை காட்டுது, உயரம் காட்டுது, டார்ச்சுகூட இருக்குது.”

“ஏங்க, ஏரிக்கரையில நீங்க வழி தெரியாமத் தவிக்கப் போறீங்களா?”

எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். வெயிலில் தெரிகிற திரை, வியர்த்த விரலுக்கும் கேட்கிற பட்டன், நாலைந்து நாள் தாங்கும் சார்ஜ், எங்கள் கைக்கு எட்டும் விலை. இதற்கெல்லாம் முன்னால், மாம்பழத்துக்கு உயிர் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் கைப்பையில் ஒரு பழத்தோடு கடைக்குப் போனோம். அதை மேஜையில் வைத்ததும் கடைக்காரப் பையன் விழித்தான்.

“என்னக்கா, பழத்துக்கா வாட்ச்?”

“மொதல்ல அதுக்குத்தான் தம்பி.”

முதல் வாட்ச் பழத்துக்குத் தொண்ணூறு என்றது. அடுத்தது நூற்றுப் பத்து. “பழத்துக்கு பிரஷர் போல” என்றார் என் கணவர். மூன்றாவது கறுப்பாக, தடியாக இருந்தது. கட்டிவிட்டுக் காத்திருந்தோம். எண்ணே வரவில்லை, இரண்டு கோடுகள் மட்டும் வந்தன.

“இது வேலை செய்யலக்கா, வேற எடுக்கறேன்” என்றான் பையன்.

“வேணாம், இதான் வேலை செய்யுது” என்றேன். அவர் கையில் கட்டி, மற்றக் கையின் நாடியை நானே பிடித்து எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போயின.

அவர் மறுபடி ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தார். எண் ஏறினால் பாறையில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்வார். நானும் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி மடித்தபடி வாட்சைப் பார்த்தேன். அதன் திரை அணையாது. அதில் இரண்டு கோடுகள்.

துணியை எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது. என் விரல்கள் அவர் கழுத்தில் இருந்தன. துடித்தது.

“என்னம்மா?” என்று கண் விழித்தார்.

“பட்டை லூசா இருக்குதுங்க.”

ஒரு துளை இறுக்கிவிட்டேன். கோடுகள் போய் எண் வந்தது. அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார். அந்த எண்ணைப் பார்த்தபடி நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பழைய வாட்ச் என்றால் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். அவருக்கு என்ன ஆகியிருந்தாலும் அது எழுபத்தெட்டு என்றே காட்டியிருக்கும், நானும் துணி மடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.