பட்டினி கிடந்த செல்கள்

நான் செல் உயிரியல் படித்தவன், மருத்துவன் அல்ல. ஏற்காட்டுக்குக் குடிவந்த பிறகு இந்த வேறுபாட்டை யாரிடமும் வற்புறுத்தியதில்லை. டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயாளி. போன வருடம் வலது கை நடுங்கத் தொடங்கியது. மூளை செல்கள் மெல்ல அழியும் நோய் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். என் ஆராய்ச்சியும் அதையொட்டியதுதான். செல் தனக்குள் சேரும் பழுதான புரதங்களைத் தானே தின்று செரிக்கும். அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். அது குறைந்தால் குப்பை சேர்ந்து செல் சாகும். இதையெல்லாம் அவர் வீட்டில் காப்பி குடித்தபடி விளக்கினேன்.

"அந்தக் குப்பையக் கூட்டித் தள்ள வழி இல்லீங்களா?"

"பட்டினி போட்டா செல்லு தானே வேகமாத் தின்னு தீத்துருதுங்க. நானே கண்ணால பாத்திருக்கேன்."

பார்த்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில். அதை நான் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப சர்ச்சுல ஃபாதர் சொல்ற உபவாசம் லேப்புலயே பாஸ் ஆயிருச்சுங்க!" என்று சிரித்தார்.

"ரெண்டு பேரும் சேந்து என்ற அடுப்ப அணைச்சுருவீங்களாட்ட இருக்குது," என்றார் அவர் மனைவி.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை நோன்பை அவர் எல்லா நாளும் இருந்தார். சர்க்கரைக்கான மாத்திரையை மட்டும் விடவில்லை. சட்டை தொளதொளத்துப் போனதைப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னால் நான் சொன்னது தப்பென்று ஆகிவிடும். பேசாமல் இருந்தேன்.

ஒரு காலை அவர் மனைவி அலறினார். ஓடினேன். அவர் வியர்வையில் நனைந்து, கண் செருகிக் கிடந்தார்.

"வாதம் அடிச்சிருச்சுங்க!"

வாதமல்ல, சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். சொன்னால் ஏன் இறங்கியது என்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் அவர் தலை என் மடியில் இருந்தது.

"ஏனுங்க, படிச்சவுங்க நீங்க, ஏதாச்சும் சொல்லுங்க!"

"ஒண்ணும் ஆகாதுங்க."

வழியில் ஒரு டீக்கடையைத் தாண்டினோம். நிறுத்தி, கொஞ்சம் சர்க்கரை வாங்கிக் கன்னத்துக்குள் தடவியிருக்கலாம். அவர் மூச்சை மட்டும் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்தவர் என்னைத் தேடினார்.

"உள்ள சுத்தமாயிருக்குமுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன்: கண்ணாடித் தட்டை, நான் மருத்துவன் இல்லை என்பதை, டீக்கடையை. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோ என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் பொழைக்க மாட்டேன்னு பயந்துட்டீங்க. அதான் இப்பிடிப் பேசறீங்க."

இப்போது தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். "காவக்காரரு வந்துட்டாருங்க, தட்டக் காட்டுங்க," என்பார் அவர் மனைவி, சிரிக்காமல். அவர் எனக்காக இட்லி சாப்பிடுகிறார். நடுக்கம் இடது கைக்கும் வந்துவிட்டது.

"பாத்தீங்களா? நீங்க திங்க வெச்சதுலருந்துதாங்க," என்றார் நேற்று, கோபமே இல்லாமல்.