சாவித்துளையில் இரண்டு பனை

தேவகோட்டை நண்பர் வீட்டுச் சுவரில் ஒரு மரச்செதுக்குப் படம், பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சடித்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் வெள்ளைப் பாதை, இரண்டு பனை, சுற்றிலும் கருப்பு. பாதை விளிம்பைத் தொடுவதற்குள் கருப்பு அதை விழுங்கிவிடுகிறது. எனக்கு வேர்த்துவிட்டது.

எட்டு வயதில் கண்ணாமூச்சி ஆடியபோது, பின்கட்டு அறையில் ஒளிந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு திறக்க முடியவில்லை. சாவித்துளை வழியே தெரிந்ததும் இதேதான்: இரண்டு பனை, துண்டுப் பாதை, சுற்றிலும் இருட்டு. ஏழு சாமிக்கு மொட்டை நேர்ந்துகொண்டு, தோளால் கதவை முட்டினேன்.

வெளியே அக்காவின் குரல் கேட்டது: "தள்ளாதடா மடையா, உள்ளுக்கு இழு!"

இழுத்தேன், திறந்தது. ஒரு தலைக்கு ஏழு மொட்டை பாக்கி.

"இம்புட்டு நேரம் பாக்குறீக, படம் பிடிச்சிருக்கா?" என்றார் நண்பர்.

"ரொம்ப. உங்க வாசக்கதவு எங்குட்டுத் தொறக்கும்னு மட்டும் சொல்லிப்புடுங்க."