மவுஸ் நின்ற ஜன்னல்

ஆர்வோ கூசிஸ்டோவின் கணினித் திரையைப் பார்த்தாலே எனக்குக் கண் சொக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல்களைத் திறந்து, எல்லாவற்றையும் பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்திருப்பான். மேலே நகர சபைக் கூட்டம், அதன் அடியில் ஏரியின் பனிப் படம், அதற்கும் அடியில் லெம்பி. கூட்டத்தில் யார் பேசினாலும் அதை உடனுக்குடன் எழுத்தாக்கி, காது கேளாதவர்களுக்காகச் சுவர்த் திரையிலும் இணையத்திலும் ஓடவிடுவது அவன் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து மைக்குகளைக் கவனிப்பது என் வேலை.

லெம்பி அவன் மனைவி. இலையுதிர் காலத்தில் டுலுத் நகரத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. "ஊர் பேசுறதெல்லாம் உன் விரல்ல வருது. எனக்குன்னு ஒரு வார்த்தை வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். நியாயமான கேள்வி. அவளுக்கான செய்தி ஜன்னலைத் திறந்துவைத்து இவன் ஒரு வரி எழுதுவான், அழிப்பான். இந்த வாரம் அவள் அங்கேயே வேலையில் சேரப்போகிறாள் என்று தகவல் வந்த பிறகும் அதே கதைதான்.

"இன்னைக்காவது எழுதித் தொலைய்யா," என்றேன்.

"எழுதுறேன் கார்லா. சரியான வார்த்தை வரட்டும்."

"வரும் வரும். அவ அங்க வீடு வாங்கிக் குடிபோனப்புறம் வரும்."

இன்னொரு கிறுக்கும் அவனுக்கு உண்டு. எந்த ஜன்னலையும் சொடுக்கித் தேர்ந்தெடுக்க மாட்டான். மவுஸ் அம்பு எதன் மேல் நிற்கிறதோ, தட்டுவதெல்லாம் அதற்குள் போகும்படி அமைத்திருந்தான். "கை நோகாதுல்ல," என்பான்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் தெருப் பனி அள்ளுவது பற்றிப் பேச்சு. வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டியது, உள்ளே வெந்நீர்க் குழாய்கள் முணுமுணுத்தன. ஆர்வோ அரைக்கண் மூடி, வரிக்கு வரி என்டர் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கும் மிதப்பதுபோல் இருந்தது. மைக்கை எட்டி எடுத்தபோது என் முழங்கை மவுஸில் பட்டது எனக்கே தெரியவில்லை. சுவர்த் திரையில் எழுத்து நின்றுபோனது. முன்வரிசையில் காது கேளாத ஹால்வர் பெரியவர் கையை ஆட்டினார்.

பார்த்தால், சபைத் தலைவரம்மா பேசியதெல்லாம் செய்தி ஜன்னலில் விழுந்து லெம்பிக்குப் போயிருக்கிறது. "தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் வாசல்வரை பனியை அள்ளிவிடுவோம்."

"அடக் கடவுளே!" என்று அம்பைக் கூட்டத்தின் ஜன்னலுக்கே தள்ளினேன். அதற்குள் லெம்பியின் பதில் வந்துவிட்டது.

"இது தலைவரம்மா பேச்சா, உன் பேச்சா?"

ஆர்வோ அதைப் படித்தான். அப்புறம் விரல்கள் தாமாகவே ஓடின. அம்பு எங்கே நிற்கிறதென்று அவன் பார்க்கவே இல்லை. சபை மொத்தமும் சுவரைப் பார்த்தது.

"நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல லெம்பி. சொல்லத் தெரியாம இருந்துட்டேன். இது என் பேச்சுதான். வந்துடு."

தலைவரம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஹால்வர் பெரியவர் மட்டும் கைதட்டினார். நிமிர்ந்து பார்த்த ஆர்வோ முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போச்சு கார்லா. ஊருக்கே போயிடுச்சு, அவளுக்குப் போகல."

அடியில் கிடந்த ஜன்னலில் எழுத்து வந்தது.

"பாத்தேன். நீ எழுதுற கூட்டம் ஒண்ணு விடாம நெட்ல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உன் விரலாச்சே. கெளம்பிட்டேன்."