டை கட்டிய இரண்டு பேர்

தொண்ணூறுகளின் நடுவில், லண்டன் சிற்றியில் ஒரு ஜப்பானியக் கம்பனியின் தபால் அறையில் வேலை செய்தேன். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர் மதுரைக்காரர், என்னைவிட இரண்டு வயது மூப்பு. நான் யாழ்ப்பாணம். நாலு வருடமாக ஒரே மேசையில் கடிதம் பிரித்தோம். காலையில் நான் வருவதற்குள் என் தேத்தண்ணீரை ஊற்றி, ஆறாமலிருக்க மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்திருப்பார். எனக்கு அவரில் விருப்பம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அவருக்குச் சொல்லத்தான் துணிவில்லை.

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் இருந்த அக்கா ஒரு பெண்ணின் படத்தைத் தந்திருந்தார். "உனக்கு முப்பத்திநாலாகுது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஓமெண்டு சொல்லு, இல்லாட்டி ஏலாதெண்டு சொல்லு. வாயில கொழுக்கட்டை வைச்ச மாதிரி இருக்காதை!"

அந்தக் கிழமை மூன்றாம் மாடியில் பழைய காகிதம் எடுக்கப் போனேன். அங்கே வேலை செய்த ஜப்பானியப் பெண்ணுக்கு அவளுடைய அக்கா ஊரிலிருந்து படக்கதைகள் அனுப்புவார். வாசித்து முடித்தவற்றை அவள் காகிதத்தோடு போட்டிருந்தாள். ஒன்றின் பின்னட்டையில் டை கட்டிய இரண்டு ஆண்கள். ஒருவர் மற்றவரின் டையைச் சரிசெய்கிறார். அதை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

எங்கள் அறையில், மதுரைக்காரர் வெளியே போயிருந்த நேரம், முன்பக்கத்தைப் புரட்டினேன். சின்னக் குசினி, ஒரு அடுப்பு. அதே இரண்டு பேர், கை மடித்த சட்டையோடு, ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகிறார்கள். ஒருவரின் கன்னத்தில் ஒட்டிய சோற்றை மற்றவர் விரலால் எடுக்கிறார்.

நான் எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினேன்.

ராஜகுமாரர்கள் இல்லை, எங்களைப் போலக் கோப்புத் தூக்குகிறவர்கள். போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கை படுகிறது, லிப்டுக்குள் முத்தம் கொடுக்கிறார்கள். இதை ஒருவர் உட்கார்ந்து படமாகக் கீறி, இன்னொருவர் அச்சடித்து, ஒரு அக்கா கடையில் வாங்கித் தங்கைக்கு அனுப்பியிருக்கிறார்! தபாலில் போகக்கூடிய விஷயமா இது? இத்தனை வருடம் தபால் பிரித்த எனக்குத் தெரியவில்லையே.

ஆனால் பக்கம் புரளப் புரள அவர்கள் விலகிக்கொண்டே போனார்கள். கடைசிப் பக்கத்தில், முன்பின் தெரியாதவர்களாகக் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டார்கள். இப்படித்தான் முடியும் என்று எனக்கு முதலே தெரியும். அழுதேன். அக்காவுக்கு ஓமென்று சொல்வதென முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் தனியாக இருந்தபோது பார்சல் எடுக்க வந்த அந்த ஜப்பானியப் பெண், மேசையில் புத்தகத்தைக் கண்டு முகம் சிவந்தாள். எனக்கும் வேர்த்துவிட்டது. எதையாவது சொல்லவேண்டுமே என்று, "முடிவுதான் பாவம்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவள் விழித்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து மறுபுறம் திருப்பி, இரண்டு கையாலும் தந்தாள். "இதுதான் முதல் பக்கம்."

எங்கள் கம்பனிக் கந்தோருக்கு டோக்கியோவிலிருந்து வரும் கடிதமெல்லாம் எங்கள் எழுத்தைப் போல இடமிருந்து வலமாகத்தான் போகும். எல்லாம் அப்படியென்று நினைத்திருந்தேன், மடையன்; படக்கதை வலமிருந்து இடமாகப் போகுமாம்.

அவள் போனதும் திருப்பிப் பார்த்தேன். கார்டில் தொடங்கி, கோப்பு, லிப்ட், கடைசியில் குசினி. ஒரு படமும் மாறவில்லை.

மத்தியானம் மதுரைக்காரரிடம் கொடுத்தேன். அவரும் என்னைப் போலவே பிரிக்கப் போனார்.

"அந்தப் பக்கமில்லை. இஞ்சையிருந்து பாருங்கோ."

நின்றபடியே முழுதும் பார்த்தார். கடிதங்கள் பையிலேயே கிடந்தன. குசினிப் படத்தில் கனநேரம் நின்றார். காது சிவந்திருந்தது.

"இவங்க வீட்டுல யாரு சமைக்கிறது?"

"மாறி மாறி" என்றேன். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

"ஓஹோ" என்றார். "அப்படின்னா சரி. எனக்கு ரசம் நல்லா வரும்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஏலாது அக்கா."

"பெட்டையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. நான் என்னோட வேலை செய்யிறவரோட இருக்கப்போறன். மதுரைக்காரர்."

"படத்தைக் கொண்டுவந்து தா" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

தனியாகப் போக எனக்குப் பயம். அவரும் வந்தார். கதவைத் திறந்த அக்காவைக் கண்டதும் நான் ஒரு அடி பின்னுக்குப் போனேன். அவர்தான் என் கையிலிருந்த படத்தை வாங்கி, கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். அந்தக் குனிவை அவர் எங்கே பார்த்தாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. அவரைப் பார்த்துச் சொன்னார்:

"குளிருக்குள்ள நிக்காதேங்கோ. உள்ளுக்கு வாங்கோ."